உடுக்கின் அடியும் அதற்கு முந்திய அடியும்

ஒரு தோல்வாத்தியத்தைக் கணினிக்குள் கொண்டுபோகிறவர்கள் முதலில் அதைத் துண்டு துண்டாக்குகிறார்கள். வாத்தியக்காரரை மைக்குக்கு முன்னால் உட்கார்த்தி, ஓர் அடி, சற்று மௌனம், மறுபடி அதே அடி, மறுபடி மௌனம் என்று மெல்லியதிலிருந்து பலமானது வரை வாங்கிக்கொள்வார்கள். வெட்டியெடுத்த அடிகளைக் கீபோர்டின் கட்டைகளில் பொருத்துவார்கள். மேற்கத்திய டிரம் செட்டுக்கு இந்த முறை நன்றாகவே ஒத்துவருகிறது. உடுக்கு இதற்கு இடம் கொடுக்காது. உடுக்கில் ஓர் அடி எப்படி ஒலிக்கும் என்பதை அதற்கு முந்திய அடியும், அந்த நேரத்தில் இடக்கை கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. மௌனத்துக்கு நடுவில் தனியாக அடித்து வாங்கிய அடியை வைத்து ஒரு தாலாட்டுக்குக்கூட ஒழுங்காக வாசிக்க முடியாது.

நான் சிலாபத்துக்காரன், கொழும்பில் ஒலிப்பதிவுத் தொழில் பழகினேன். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத் தோல்வாத்தியங்களை மெய்நிகர் வாத்தியங்களாக்கும் எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. கற்பிட்டி, புத்தளம் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் றபான் ஒலிக்கிறது. சிராம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்சா பாட்டுக்கு றபானும் டோலக்கும் சிரட்டைகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. தமிழ் ஊர்களில் அம்மன் கோயிலை ஒட்டி உடுக்கு. இவற்றில் உடுக்கை முதலில் எடுத்ததற்குக் காரணம், விற்பனையில் இருக்கும் இந்திய வாத்தியத் தொகுப்புகளில் தபேலாவும் மிருதங்கமும் டோலக்கும் நல்ல கவனிப்புப் பெற்றிருக்க, உடுக்கு எங்கேயாவது ஒரு மூலையில் நாலைந்து அடிகளோடு கிடக்கிறது என்பதுதான். துடி என்ற பெயரில் சங்கப் பாட்டுகளிலேயே இருக்கிற வாத்தியம் அது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை வரிசைப்படுத்தும்போது உடுக்கையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். நாலைந்து அடிகளில் முடிந்துபோகிற கருவி இல்லை அது.

எங்கள் கரையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலாபத்துக்கு வடக்கே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு. நடுவிலுள்ள மணல் நிலத்தில் உடப்பு இருக்கிறது. கரைவலை இழுக்கும் ஊர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இன்றும் பெரியவர்கள் நாவில் இருக்கிறது. ஆடியில் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்குச் சுற்றுவட்டாரமே திரளும். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. பேச்சைக் கேட்டாலே நம்பத் தோன்றும். நான் தேடிப்போன உடுக்குக்காரர் இந்தக் கரையோரத்தின் வேறொரு சிறிய கிராமத்தில் பூசாரி. தகப்பனிடம் கற்றவர். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்; நானும் அப்படியே.

வேலையை விளக்கி, ஓர் அடியை மட்டும் தனியாக அடித்துக் காட்டச் சொன்னேன். உடுக்கைக் கையில் எடுத்தவர் அடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"அடிக்கிறேன் தம்பி. அது எதுக்குப் பின்னால வர்ற அடி?"

இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் மீதி வேலை முழுவதும் நடந்தது.

அவருடைய உடுக்கு பித்தளை உடல் கொண்டது. இடை ஒடுங்கி, இரண்டு முகமும் விரிந்திருக்கும். இரண்டு வளையங்களில் மெல்லிய தோல். வளையத்திலிருந்து வளையத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கயிறு. அந்தக் கயிறுகளை இடைப்பகுதியில் சுற்றிப் பிடிக்கும் துணிப்பட்டி. இடக்கை பட்டியோடு சேர்த்துக் கயிற்றைப் பற்றும். அழுத்தினால் கயிறுகள் உள்ளே போகும், வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும், இரண்டு தோலும் ஒரே நேரத்தில் விறைக்கும், சுருதி ஏறும். விட்டால் இறங்கும். வலக்கை விரல்கள் ஒரு முகத்தில் மட்டும் அடிக்கும். பின்முகத்துக்குக் குறுக்கே மெல்லிய இழை கட்டியிருக்கிறது. முன்முகத்தில் அடித்ததும் அது சிர்ரென்று அதிர்ந்து அடிக்கு ஒரு காரம் சேர்க்கும். சிங்களவரின் உடெக்கியவும் கேரளத்து இடக்காவும் இதே தத்துவத்தில் இயங்குகிறவைதாம். கேரளக் கலைஞர் இடக்காவைக் கோலால் அடிப்பார்; நம்முடையது விரலுக்கு உரியது.

தோலின் அதிர்வு எண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசையை இரு மடங்காக்கினால் அரை ஸ்தாயி ஏறும்; முழு ஸ்தாயி ஏற நான்கு மடங்கு வேண்டும். ஆகவே, மேலே போகப்போக ஒவ்வொரு ஸ்வரமும் கைக்கு அதிக பலத்தைக் கேட்கும். ஐயாவின் முன்கை நரம்புகளைப் பார்த்தாலே இது விளங்கும். மென்பொருளில் சுருதிச் சக்கரத்தைத் திருப்பினால் கீழும் மேலும் ஒரே சுலபத்தில் நகர்கிறது. கேட்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், உச்சிக்குப் போகும்போது இருக்கவேண்டிய அந்தப் பிரயாசை காணாமல் போனது காதுக்குத் தெரிந்துவிடும்.

மிருதங்கத்தோடு ஒப்பிட்டால் உடுக்கின் தனித்தன்மை இன்னும் துலக்கமாகும். 1920இல் சி. வி. இராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பில், நடுவில் கரணை என்னும் கருஞ்சாந்து ஏற்றிய தோல் சாதாரணத் தோலைப்போல ஒழுங்கற்ற மேல்சுரங்களைத் தராமல், தந்தி வாத்தியத்துக்கு உரிய இசைவான சுரங்களைத் தருகிறது என்று காட்டினார். 1934இல் அதை விரிவாக எழுதினார். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு சுருதி தெளிவாக நிற்பது அதனால்தான். உடுக்கில் கரணை இல்லை. கரணையற்ற வட்டத் தோலின் மேல்சுரங்கள் அடிச்சுரத்தைப்போல 1.59, 2.14, 2.30 மடங்குகளில் விழும் என்பது கணக்கு. எதுவும் எதோடும் சேராது. நின்ற இடத்தில் உடுக்குக்குத் துல்லியமான ஸ்வரம் இல்லை. ஆனால் அது நகரும்போது காது உடனே பின்தொடர்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பளிச்சென்று கேட்கிறது. அம்மன் தாலாட்டில் பாட்டின் வரி இறங்குமிடத்தில் உடுக்கும் கூடவே இறங்கி வருவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பதிவு செய்யவேண்டியது இந்த நகர்வைத்தான்.

ஒலிமாதிரி செய்ய நாங்கள் பயன்படுத்தும் கருவிகளோ நகர்வுக்காகப் பிறந்தவை அல்ல. 1963இல் வந்த மெலோட்ரான், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத் துண்டை ஓடவிட்டது. 1979இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஃபேர்லைட் அதையே எண்முறையில் செய்தது. மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேச 1983இல் வந்த மிடி ஏற்பாட்டில், அடியின் பலம் 127 வரை போகும் ஒற்றை எண்ணாகச் சுருங்கியது. எல்லாம் பியானோவை மனதில் வைத்த ஏற்பாடு. கட்டை இறங்கினால் ஒலி தொடங்கும், எழுந்தால் முடியும். அடித்த பிறகும் ஒலியைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஓர் இடக்கைக்கு அங்கே இரண்டாம் பட்சமான இடம்தான் கிடைக்கிறது.

வழக்கமான இரண்டு வழிகளையும் நான் ஐயாவின் வாத்தியத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று, ஒரே இறுக்கத்தில் பதிந்த அடியை மென்பொருளால் உயர்த்தித் தாழ்த்துவது. அப்படிச் செய்தால் தோலோடு பித்தளை உடலின் ஒலியும் சேர்ந்து நகர்கிறது. உண்மையில் உடல் அசைவதில்லை. தோல் மட்டுமே மாறுகிறது. அதனால் சுருதி ஏறும்போது உடுக்கு சிறுத்துப்போவதாகவும், இறங்கும்போது பருத்துப்போவதாகவும் கேட்கிறது. மற்றது, பல இறுக்கங்களில் தனித்தனியாகப் பதிந்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல மாற்றுவது. இதில் உடலின் ஒலி சரியாக இருக்கும். ஆனால் மாறும் இடத்தில் இரண்டு சுருதிகள் ஒருசேரக் கேட்டு, இரண்டு பேர் அடிப்பதாகத் தோன்றும். முடிவில் நான் எடுத்த வழி இரண்டையும் விட அதிக உழைப்பு கேட்பது: இழுவைகளையே பதிவது. அடித்துவிட்டு மெதுவாக ஏற்றுவது, வெடுக்கென்று ஏற்றுவது, ஏற்றி நடுவில் நிறுத்துவது, இறுக்கத்தில் அடித்து விடுவது என்று ஒவ்வொன்றும் முழு அசைவாக. மென்பொருளின் திருப்பம் பக்கத்துப் பக்கத்து இழுவைகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியை நிரப்ப மட்டும். அந்தளவில் உடலின் பொய் காதில் படாது.

இடம் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பிலுள்ள குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உடுக்கைக் கொண்டுபோகலாமே என்று பலர் கேட்டார்கள். உடுக்கின் தோல் மிக மெல்லியது. காற்றின் ஈரத்தை உடனே குடிக்கும், உடனே விடும். ஈரத்தில் தோல் கனத்துத் தளரும். குளிரூட்டியின் வறண்ட காற்றில் விறைத்துச் சத்தம் மேலே ஏறும், சில சமயம் கிழிந்தும்விடும். ஐயா அடிக்கும் முன்பு சிரட்டைத் தணலில் முகத்தைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, அவருக்குத் தெரிந்த ஓர் அளவுக்குக் கொண்டுவருவார். அந்த அளவு களப்புக் காற்றுக்கு உரியது. அதனால் வாத்தியம் இருந்த இடத்துக்கு நான்தான் போனேன்.

போகும் காலத்தைக் காற்று தீர்மானித்தது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை எங்கள் கரையில் சோழகம் வீசும். மைக் வைப்பது வீண்வேலை. கற்பிட்டித் தீபகற்பத்தில் காற்றாலைகளும், பட்டத்தில் தொங்கி அலைமேல் போகும் வெளிநாட்டு விளையாட்டுக்காரர்களும் வந்து நிறைந்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். மழையோடு வாடை வரும். இரண்டுக்கும் நடுவே, பங்குனியில் காற்று படுத்திருக்கும் நாட்களைப் பிடித்துக்கொண்டேன். கடல் மட்டும் எந்த மாதத்திலும் ஓய்வதில்லை. அதற்காகக் களப்புப் பக்கமாக உள்ளே தள்ளி, கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றைத் தேர்ந்தேன். கிடுகுக் கூரையும் மண் தரையும் எதிரொலியை நன்றாக விழுங்கும். நாலு பக்கமும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்துக்கொண்டால், பணம் கொட்டிக் கட்டிய சில கூடங்களைவிட அது நல்ல இடம். மின்சாரத்தை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பாட்டரியில் ஓட்டினேன்.

பின்னணி இரைச்சலில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பாட்டில் மெல்லிய அலை இரைச்சல் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒலிமாதிரியில் அப்படி இல்லை. பத்து அடிகளின் நீட்சி ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும்போது, பத்து அடிகளின் கடலும் சேர்ந்து ஒலிக்கும். இரைச்சல் 10 டெசிபெல் உயர்ந்துவிடும். ஒவ்வோர் அடி முடியும் இடத்திலும் கடல் துண்டுபட்டு நிற்கும். உடுக்கு கனத்த சத்தம் இல்லாத வாத்தியம் என்பது இங்கே நல்லதாகப் போயிற்று. அலையின் ஆழ்ந்த உறுமலைக் கீழிருந்து வெட்டியெடுத்தாலும் உடுக்கில் எதுவும் குறையவில்லை.

மைக் இரண்டு வைத்தேன். ஒன்று அடிக்கும் முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், மற்றது பின்முகத்து இழையின் சிர்ரொலிக்கு. முன்தோல் உள்ளே அமுங்கும்போது பின்தோல் வெளியே புடைக்கிறது. இரண்டு பதிவும் நேரெதிர்த் திசையில் வருவதால், அப்படியே கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிக் கலக்கவேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். விரல் விழும் கூர்மை எதிர்பாராமல் எகிறும் என்பதால் மேலே தாராளமாக இடம் விட்டுத்தான் பதிவு செய்தேன்.

மெல்லிய அடி, நடுத்தர அடி, பலமான அடி என்று வழக்கமான அடுக்கு வரிசையைக் கேட்டபோது ஐயாவின் கை தயங்கியது. ஒரு கோயில் முற்றத்தில் பாட்டோடு போகும் உடுக்குக்கு 'மெதுவாக அடிப்பது' என்று ஒன்று பழக்கத்தில் இல்லை. ஆனால் அவரிடம் வேறொரு வரிசை இருந்தது: ஒற்றை விரல், இரண்டு விரல், நாலு விரலும் சேர்ந்தது, உள்ளங்கை விளிம்பு தொட்டது. பலம் கூடுவதால் வரும் மாற்றத்தைவிட, விரல் கூடுவதால் வரும் மாற்றம் பெரியது. ஒலியின் நிறமே வேறாகிறது. எனவே கட்டையை மெல்ல அழுத்தினால் ஒற்றை விரலும், ஓங்கி அழுத்தினால் முழுக்கையும் வரும்படி 127 படிகளையும் விரல்களுக்குப் பங்கிட்டேன். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாத்தியக்காரரின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் அடுக்கைக் கண்டுபிடித்து அதைப் பின்பற்றவேண்டும். வெளியிலிருந்து ஓர் அடுக்கைக் கொண்டுபோய் அவர் கையில் திணிக்கக்கூடாது.

இனி அவர் கேட்ட கேள்வி. எதற்குப் பின்னால் வரும் அடி?

உதாரணமாக ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். இறுக்கிப் பிடித்து ஓங்கி ஓர் அடி, கை தளர்கிறது, தோல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒற்றை விரலால் ஒரு சிறு தட்டு. அந்தச் சிறு தட்டு ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் தோலில், நழுவிக்கொண்டிருக்கும் சுருதியில் விழுகிறது. அமைதியாக இருக்கும் தோலில் அதே விரல் அதே பலத்தோடு தட்டினால் கிடைப்பது முற்றிலும் வேறு ஒலி. மௌனம் விட்டு மௌனம் விட்டுப் பதிந்தால் இந்தத் தட்டு எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஆகவே அடிகளைப் பாட்டுக்குள்ளிருந்து எடுக்க முடிவுசெய்தோம்.

பாட்டில்லாமல் ஐயாவுக்கு நடை வராது. அவர் பாடினால் குரலும் மைக்கில் விழும். அதற்கு அவர் மகள் வழி செய்தார். எட்டியிருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாலாட்டையும் கும்மிப் பாட்டுகளையும் அவர் பாட, குரல் கம்பி வழியாக வந்து ஐயாவின் காதை இறுக மூடிய ஹெட்ஃபோனில் மட்டும் ஒலித்தது. தகப்பன் உதடு அசைய உடுக்கடித்தார். மைக்கில் விழுந்தது உடுக்கு மட்டும். பாட்டு சூடேறியதும் கை திறந்துகொண்டது. தனியடி கேட்டபோது வராத நுணுக்கங்கள் தாமாக வந்து விழுந்தன. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரே மாதிரியான ஓர் அளவடியை வாங்கிக்கொண்டேன். தணலின் சூடு ஆறத் தோல் தளர்ந்துகொண்டே போகும். அளவடியைக் கேட்டு மறுபடி தணல் காட்டும் நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

வெட்டும் வேலை நீண்டது. ஒவ்வோர் அடிக்கும் மூன்று குறிப்பு எழுதினேன்: முந்திய அடி எது, பிடி எந்த நிலையில் இருந்தது, நடுவில் எவ்வளவு நேரம். கட்டையை அழுத்தியதும் மென்பொருள் முந்திய கட்டையையும் இடைவெளியையும் பார்த்து, அதற்குப் பொருத்தமான பதிவைத் தேர்ந்தெடுக்கும். கொன்டாக்ட் என்ற ஒலிமாதிரி மென்பொருளில் இதை நிரலாக எழுதலாம். எஸ்எஃப்இசட் என்ற திறந்த வடிவத்திலும், முந்திய கட்டையைப் பார்த்து ஒலியை மாற்றும் கட்டளை இருக்கிறது. அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத பிள்ளைகளுக்கும் உதவும். ஒரே அடி திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத்தனமாகக் கேட்காமலிருக்க, ஒரே அடியின் பல பதிவுகளைச் சுழற்சியில் விடுவது எல்லோரும் செய்வது. அந்தப் பல பதிவுகளும் ஒரே சூழலிலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும் என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சூழல் பிசகிய பதிவு சுழற்சியில் வந்து விழும்போது தாளம் தடுக்குகிறது.

ஓர் அடிவரிசை மட்டும் தொகுப்பில் இல்லை. கோயிலில் ஆள்மேல் அம்மன் கலை வரும் நேரத்துக்கு உரியது அது. "அத மிசின்ல வைக்காத தம்பி. எவன் எங்க தட்டுவான்னு தெரியாது" என்றார் ஐயா. மைக்கை அணைத்துவிட்டு அதை ஒருமுறை எனக்காக அடித்துக் காட்டவும் அவர் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. உலகத்தில் யாரோ ஒருவர் விளம்பரப் படத்துக்குச் சத்தம் தேடும்போது கைக்கு அகப்படவேண்டிய பொருளல்ல அது. எதைப் பதிவது என்று முடிவெடுக்கும் உரிமை பதிகிறவனுக்கு இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பணத்திலும் அதே நியாயம். இந்தத் தொழிலில் வாத்தியக்காரருக்கு ஒருமுறை கூலி கொடுத்து, அவர் கையை என்றென்றைக்குமாக வாங்கிவிடுவது சாதாரணம். ஒரு கலைஞர் மேடையில் வாசித்தது அன்றோடு முடிகிறது. ஒலிமாதிரியாகிவிட்ட கை அவர் காலத்துக்குப் பிறகும் உழைத்துக்கொண்டே இருக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகைக் கலைஞரின் உரிமையையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கும்போது இதை எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு. நாங்கள் விற்பனையில் பங்கு என்று எழுதிக்கொண்டோம். ஐயாவுக்குப் பிறகு அது மகளுக்கு. பாடியது அவர் என்பதால், பதிவில் குரல் கேட்காவிட்டாலும், அவருக்கென்று தனிப் பங்கும் உண்டு.

முடிந்த வாத்தியத்தை வாசிக்கும் ஏற்பாட்டில் இரண்டு கையையும் பிரித்தே வைத்தேன். வலக்கை கட்டைகளில், இடக்கை கீபோர்டின் இடது ஓரத்துச் சக்கரத்தில். சக்கரத்தை மேலே தள்ளத் தள்ள ஏற்றம் குறைந்துகொண்டே போகும்படி, வர்க்கமூலக் கணக்கையே வளைகோடாகப் போட்டேன். உச்சிக்குப் போக இன்னும் தள்ளவேண்டியிருக்கும். தாளத்தைப் பென்சிலால் கட்டத்தில் குறித்து ஓடவிடுகிறவர்களுக்கு இந்த வாத்தியம் அவ்வளவாக உதவாது. கையால் வாசிப்பவருக்கு ஈடுகொடுக்கும். மகள் வாசித்துப் பார்த்தார். கீபோர்ட் பழகாதவர், ஆனால் தாலாட்டு நடை சீக்கிரமே அவர் கையில் வந்துவிட்டது. ஐயா கேட்டுவிட்டுச் சொன்ன குறை ஒன்றுதான்: எல்லாம் காய்ந்த தோலாக இருக்கிறது, மழைக்காலத்து உடுக்கு இதில் இல்லை என்றார். அது சரியான குறை. ஈரத்தில் தளர்ந்த தோலின் அந்தத் தாழ்ந்த, சற்றுக் கரகரத்த ஒலிக்குத் தனி அடுக்கு வேண்டும். கிடுகுக் கூரையில் மழை விழும் சத்தத்தை மைக்குக்கு எட்டாமல் வைக்கும் வழி கிடைத்ததும் வாடைக்காலப் பதிவைத் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம். கூரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பழைய வலைகளைப் பல மடிப்பாக இழுத்துக் கட்டி, துளிகளை உடைத்து இறக்கிப் பார்க்கலாம் என்பது கரைவலைக்காரர்கள் தந்திருக்கும் யோசனை.